'மே'ன்னா 'ஷல்'தானா? மூணு எழுத்து இங்கிலீஷ் வெர்ப், தமிழ்நாடு கேட்ட கேள்வி

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே வைத்து, நீளம் கருதிச் சுருக்கியிருக்கிறோம்.)

திருவண்ணாமலை வேங்கிக்கால்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு எபிசோட் ஒரே ஒரு இங்கிலீஷ் வெர்ப் பத்தி. மூணே எழுத்து. 'மே'.

நம்மள்ல நிறைய பேர் வாழ்க்கையில முழுசா பேசின முதல் இங்கிலீஷ் வாக்கியமே இந்த வெர்ப்லதான் ஆரம்பிச்சிருக்கும். 'மே ஐ கம் இன், மிஸ்?' கிளாஸ் வாசல்ல நின்னு கேட்போம். மிஸ் தலையாட்டினா உள்ள போகலாம். ஆட்டலைன்னா அங்கேயே நிக்கணும். இந்த வெர்ப்போட மொத்த இலக்கணமும் அந்த வாசல்லயே இருக்கு: நாம கேக்குறோம், முடிவு இன்னொருத்தர் கையில.

இதே மூணு எழுத்துக்காக 1963ல நாடாளுமன்றத்துல ஒரு பெரிய விவாதம் நடந்துச்சு. ஒரு பக்கம் பிரதமர் நேரு, இன்னொரு பக்கம் அண்ணா. அடுத்த ரெண்டு வருஷத்துல தமிழ்நாடு பத்தி எரிஞ்சுது. உயிர்கள் போச்சு, மத்திய மந்திரிகள் ராஜினாமா பண்ணாங்க, ஆட்சி மாறுச்சு. அதுக்கெல்லாம் ஒரு வெர்ப் மட்டுமே காரணம்னு நான் சொல்ல வரல. ஆனா அந்தச் சண்டையோட மையத்துல ஒரு கிராமர் கேள்வி உண்மையாவே இருந்துச்சு. அதைத்தான் இன்னைக்குப் பிரிச்சுப் பார்க்கப் போறோம்.

ஏன் இதை வேங்கிக்கால்ல உட்கார்ந்து பேசணும்? எங்க ஊரை வெளியூர்க்காரங்களுக்கு வேலூர் ரோட்டுல கலெக்டர் ஆபீஸ் இருக்கிற இடம்னு சொன்னாதான் தெரியும். 1989ல பழைய வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரிச்சு திருவண்ணாமலையைத் தனி மாவட்டமா ஆக்கினாங்க. இன்னைக்கு அதோட தலைமை அலுவலகம் இங்கதான். திங்கட்கிழமை ஆனா மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கம், ஆரணி, ஜமுனாமரத்தூர்னு எல்லா பக்கத்துல இருந்தும் கையில மனுவோட ஜனங்க வந்து இறங்குவாங்க. இந்த மாதிரி ஆபீஸ்ல இருந்து வர்ற பதில்கள்ல அடிக்கடி பார்க்குற வாக்கியம் என்ன தெரியுமா? 'பரிசீலிக்கலாம்.' 'மனுதாரர் உரிய நீதிமன்றத்தை அணுகலாம்.' அந்த 'லாம்' இருக்கு பாருங்க, அதுதான் இங்கிலீஷ்ல 'மே'. ஒரு குடும்பத்தோட நிலமோ பென்ஷனோ சில சமயம் அந்த ரெண்டெழுத்துல தொங்கிக்கிட்டு இருக்கும்.

நம்ம 'லாம்' என்னெல்லாம் வேலை பார்க்குது?

முதல்ல கிராமர். பயப்படாதீங்க, சின்னதுதான்.

தமிழ்ல 'போகலாம்'னு ஒரு வார்த்தை சொன்னா அதுக்கு எத்தனை அர்த்தம் வருதுன்னு எண்ணிப் பாருங்க. 'நீ இப்போ வீட்டுக்குப் போகலாம்.' இது அனுமதி. 'நாளைக்கு மழை வரலாம்.' இது வாய்ப்பு, நடக்கலாம் நடக்காமலும் போகலாம். 'வா, கிரிவலம் போகலாம்.' இது கூப்பிடுறது. 'பஸ்ல போனா ஒரு மணி நேரத்துல போயிடலாம்.' இது முடியும்ங்கிறது. ஒரே விகுதி, நாலு வேலை.

இங்கிலீஷ் 'மே'க்கு இதுல முதல் ரெண்டு வேலை இருக்கு: அனுமதி, வாய்ப்பு. அதனாலதான் தமிழ் பேசுற நமக்கு 'மே' கத்துக்கிறது பெரிய கஷ்டமா தெரியாது. 'லாம்'னு மனசுக்குள்ள மாத்திக்கிட்டுப் போயிடுவோம். சீன மொழி பேசுறவங்களுக்கு இது வேற மாதிரி. அவங்க கிட்ட அனுமதிக்கு 'கெ-யி'ன்னு ஒரு சொல், வாய்ப்புக்கு 'கெ-நெங்'னு இன்னொரு சொல். அதனால இங்கிலீஷ் கத்துக்கும்போது ஒவ்வொரு 'மே'யையும் நிறுத்தி வெச்சு, 'நீ அனுமதியா, வாய்ப்பா?'ன்னு கேட்டுதான் உள்ள விடணும். நாம அந்தக் கேள்வியைக் கேக்குறதே இல்ல. நம்ம பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பலவீனம் எங்க தெரியும்னா, 'மே'க்குப் பின்னாடி 'நாட்' வரும்போது. 'யூ மே நாட் என்டர்'னா உள்ள வரக் கூடாது, தடை. 'ஹி மே நாட் கம்'னா அவர் வராமலும் இருக்கலாம், சந்தேகம். இங்கிலீஷ்ல ரெண்டும் ஒரே உருவம். தமிழ்ல பாருங்க, இந்த இடத்துல நாம ரொம்பத் தெளிவு. 'வரக் கூடாது' வேற, 'வராமல் இருக்கலாம்' வேற. யாரும் ரெண்டையும் குழப்பிக்க மாட்டோம்.

இதுல இருந்து ஒண்ணைக் கவனிங்க. 'செய்யலாம்'னு சொன்ன உடனே, அதுக்குப் பின்னாடியே சத்தமில்லாம இன்னொரு வாக்கியமும் வந்து நிக்குது: 'செய்யாமலும் இருக்கலாம்.' அனுமதின்னாலே அப்படித்தான். ஒரு கதவைத் திறந்து வெச்சா, அது வழியா போகவும் செய்யலாம், போகாமலும் இருக்கலாம். இந்த நிழல் வாக்கியத்தைத்தான் அண்ணா 1963ல பிடிச்சாரு.

'ஷல்' இதுக்கு நேர் எதிர். வீட்டுல பேசும்போது 'ஷல் வி கோ?'ன்னா 'போலாமா?'ன்னுதான் அர்த்தம். ஆனா சட்டத்துல 'ஷல்' வந்தா அது கட்டளை. 'செய்ய வேண்டும்.' அங்க 'செய்யாமலும் இருக்கலாம்'ங்கிற நிழலுக்கு இடமே இல்ல. சட்டம் எழுதுறவங்க ரொம்பக் காலமா இப்படித்தான் பிரிச்சு வெச்சிருக்காங்க: 'மே'ன்னா அதிகாரம், 'ஷல்'னா கடமை.

'ஷல்' எப்படி 'மே' ஆச்சு?

இப்போ அரசியல் சட்டத்துக்குப் போவோம். பிரிவு 343. முதல் உட்பிரிவு, ஒன்றியத்தோட அலுவல் மொழி தேவநாகரி எழுத்துல உள்ள இந்தின்னு சொல்லுது. ரெண்டாவது உட்பிரிவு, அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததுல இருந்து 15 வருஷத்துக்கு இங்கிலீஷும் தொடரும்னு சொல்லுது. அங்க போட்டிருக்கிற வெர்ப் 'ஷல்'. 1950 ஜனவரி 26ல இருந்து 1965 ஜனவரி 26 வரைக்கும் இங்கிலீஷுக்கு 'ஷல்' பாதுகாப்பு.

அதுக்கு அப்புறம்? மூணாவது உட்பிரிவு: 15 வருஷத்துக்குப் பிறகும் இங்கிலீஷைப் பயன்படுத்த நாடாளுமன்றம் ஒரு சட்டம் போடலாம். 'லாம்'. அதாவது போடாமலும் இருக்கலாம்.

இங்கிலீஷ் போயிடுச்சுன்னா இந்தி தாய்மொழி இல்லாத ஒரு இளைஞனுக்கு என்ன ஆகும்? இது மொழிப் பெருமை மட்டும் இல்ல, வேலை. மத்திய அரசுத் தேர்வு, ஆபீஸ் ஃபைல், பிரமோஷன் எல்லாம் இந்தியில நடந்தா, ஒருத்தனுக்கு அது அம்மா கிட்ட கத்துக்கிட்ட மொழி, இன்னொருத்தனுக்கு ஸ்கூலுக்கு அப்புறம் உட்கார்ந்து கத்துக்க வேண்டிய மொழி. அந்தக் காலத்து காலேஜ் பசங்க தெருவுக்கு வந்ததுக்கு இந்தக் கணக்கும் ஒரு முக்கியக் காரணம்.

நேருவுக்கு இந்தப் பயம் புரிஞ்சிருந்துச்சு. 1959 ஆகஸ்ட்ல, ஃபிராங்க் ஆண்டனி கொண்டுவந்த ஒரு தீர்மானத்து மேல பேசும்போது, மக்களவையில ஒரு உறுதி கொடுத்தாரு. மக்களுக்குத் தேவைப்படுற வரைக்கும் இங்கிலீஷ் மாற்று மொழியா இருக்கும், அதை எப்போ நிறுத்துறதுன்னு முடிவு பண்றது இந்தி பேசாத மக்கள் கையிலதான் இருக்கும்னு சொன்னாரு. பெரிய வாக்குறுதி. ஆனா அது ஒரு பேச்சு. சட்டம் இல்ல.

அந்தச் சட்டம் 1963ல வந்துச்சு. அலுவல் மொழிகள் மசோதா. கொண்டுவந்தவர் அப்போ உள்துறை அமைச்சரா இருந்த லால் பகதூர் சாஸ்திரி. அதோட மூணாவது பிரிவுதான் உயிர். 15 வருஷம் முடிஞ்சாலும், இந்தியோட சேர்த்து இங்கிலீஷ் தொடர்ந்து பயன்படுத்தப்படலாம். அங்க விழுந்த வெர்ப் 'மே'.

நேரு பேச்சுல கொடுத்தது 'ஷல்' மாதிரி ஒரு வாக்கு. அரசியல் சட்டத்துல முதல் 15 வருஷத்துக்கு இருந்ததும் 'ஷல்'. ஆனா அந்த 15 வருஷத்துக்குப் பிறகு என்னன்னு சொல்ற சட்டத்துல வந்து நின்னது 'மே'. கடமையா இருந்தது அனுமதியா இறங்கிடுச்சு.

ஒரு கேள்வி, பதில் இல்லாத பதில்

அண்ணா 1962 தேர்தல்ல காஞ்சிபுரத்துல தோத்து, மாநிலங்களவை வழியா டெல்லி போயிருந்தாரு. மசோதா அங்க வந்தப்போ அவரும் தி.மு.க.வும் பிடிச்சுக்கிட்டது இந்த வார்த்தையைத்தான். அவங்க வாதத்தை எளிமையா இப்படிச் சொல்லலாம். 'மே'ன்னு போட்டா நாளைக்கு வர்ற ஒருத்தர் அதை 'மே நாட்'னு படிக்கலாமே? 'பயன்படுத்தலாம்னுதானே இருக்கு, நான் பயன்படுத்தல'ன்னு சொன்னா அப்போ யார்கிட்ட போய்க் கேக்குறது?

நேரு தரப்பு பதில்: இந்த இடத்துல 'மே'ன்னா 'ஷல்'தான், இதுல குழப்பம் எதுவும் இல்ல.

அதுக்கு வந்த எதிர்க் கேள்விதான் இந்த எபிசோடோட தலைப்பு. ரெண்டும் ஒண்ணுதான்னா, 'ஷல்'லுன்னே போட்டுட்டா என்ன?

யோசிச்சுப் பாருங்க, இந்தக் கேள்விக்கு கிராமர்ல பதிலே கிடையாது. ரெண்டு வார்த்தைக்கும் ஒரே அர்த்தம்னா மாத்துறதுல நஷ்டம் எதுவும் இல்ல. மாத்த மாட்டேன்னு சொன்னா, ரெண்டுக்கும் நடுவுல ஏதோ வித்தியாசம் இருக்குன்னுதானே அர்த்தம்? இதுல ஒரு வேடிக்கையும் இருக்கு. இங்கிலீஷைக் காப்பாத்துறதுக்கான சட்டத்துல, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு, இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க எல்லாரும் உட்கார்ந்து இங்கிலீஷ்லயே சண்டை போட்டிருக்காங்க.

வெர்ப் மாறல. 1963 மே மாசம் மசோதா சட்டமாச்சு. மூணாவது பிரிவு 1965 ஜனவரி 26ல இருந்து நடைமுறைக்கு வரும்னு ஆச்சு.

நடுவுல 1964 மே 27ல நேரு இறந்துட்டாரு. தி.மு.க. சொன்ன அந்தப் பயம் இப்போ வெறும் வாதம் இல்ல. 'மே'ன்னா 'ஷல்'தான்னு அர்த்தம் சொன்ன மனுஷர் இல்ல. தாள்ல இருந்தது 'மே' மட்டும்தான். பேசினவர் போனாலும் எழுதின எழுத்து நிக்கும்னுதானே நாம எதையும் எழுதி வாங்குறோம்? வீட்டு வாடகை ஒப்பந்தத்துல இருந்து நாட்டுச் சட்டம் வரைக்கும் அதே கதைதான்.

எழுத்துக்கு வெளியில நடந்தது

1963 நவம்பர்ல அரசியல் சட்டத்தோட மொழிப் பகுதியை, அதாவது 17வது பகுதியை, எரிக்கிற போராட்டம். அண்ணா கைதாகி சிறைக்குப் போனாரு. 1964 ஜனவரி 25, திருச்சியில கீழப்பழுவூர் சின்னசாமி தீக்குளிச்சு இறந்தாரு. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 1965 ஜனவரி 25, மதுரையில மாணவர் ஊர்வலத்துல மோதல். அங்க இருந்து மாநிலம் முழுக்கப் பரவுச்சு. துப்பாக்கிச் சூடு, தீ வைப்பு, ஏறக்குறைய ரெண்டு மாசம். இறந்தவங்க சுமார் 70 பேர்னு அரசுக் கணக்கு, அதைவிட அதிகம்னு சொல்றவங்களும் உண்டு.

பிப்ரவரி 11ல மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் ராஜினாமா கடிதம் கொடுத்தாங்க. அதே நாள் பிரதமர் சாஸ்திரி வானொலியில பேசி, நேரு கொடுத்த உறுதி காப்பாத்தப்படும்னு சொன்னாரு. 1967 தேர்தல்ல காங்கிரஸ் தோத்துச்சு. அண்ணா முதலமைச்சர் ஆனாரு.

எங்க ஊருக்கு இதுல ஒரு சின்ன பங்கு உண்டு. 1957ல தி.மு.க. முதல் முறையா தேர்தல்ல நின்னப்போ, மக்களவைக்கு ஜெயிச்சுப் போனது ரெண்டே பேர். நாமக்கல்ல இருந்து ஈ.வெ.கி.சம்பத். திருவண்ணாமலையில இருந்து தர்மலிங்கம். டெல்லியில இந்தக் குரல் கேக்க ஆரம்பிச்சதுல இந்த மலையடிவாரத்து ஓட்டுக்கும் ஒரு இடம் இருக்கு.

கடைசியில 'மே' மாறுச்சா?

இங்கதான் நிறைய பேர் 'ஆமா, 1967ல மேயை எடுத்துட்டு ஷல் போட்டுட்டாங்க'ன்னு முடிச்சிடுவாங்க. முழுசா அப்படி இல்ல. உண்மையில நடந்தது அதைவிட சுவாரசியம்.

1967ல கொண்டுவந்து 1968 ஜனவரியில ஒப்புதல் வாங்கின திருத்தச் சட்டத்தை எடுத்துப் படிச்சீங்கன்னா, மூணாவது பிரிவோட முதல் வரியில அந்த 'மே' அப்படியேதான் உட்கார்ந்திருக்கு. இன்னைக்கும் இருக்கு. என்ன பண்ணாங்கன்னா, அதைச் சுத்தி 'ஷல்'லுகளால வேலி போட்டாங்க.

முதல் வேலி: இந்தியை அலுவல் மொழியா ஏத்துக்காத ஒரு மாநிலத்தோட ஒன்றிய அரசு கடிதம் எழுதினா இங்கிலீஷைப் பயன்படுத்த வேண்டும். 'ஷல்'. ரெண்டாவது வேலி: ஒன்றிய அரசோட தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் மாதிரி விஷயங்கள்ல இந்தி, இங்கிலீஷ் ரெண்டையும் பயன்படுத்த வேண்டும். இங்கயும் 'ஷல்'. மூணாவதுதான் பூட்டு. ஐந்தாவது உட்பிரிவு. இந்த ஏற்பாட்டை நிறுத்தணும்னா, இந்தியை அலுவல் மொழியா ஏத்துக்காத எல்லா மாநிலங்களோட சட்டமன்றங்களும் 'போதும், நிறுத்தலாம்'னு தீர்மானம் போடணும். அதுக்கு அப்புறம் நாடாளுமன்றத்தோட ரெண்டு அவைகளும் போடணும். அதுவரைக்கும் இது நடைமுறையில இருக்கும். அந்த 'இருக்கும்'க்கும் 'ஷல்'.

நேரு 1959ல வாய் வார்த்தையா சொன்னதைத்தான், முடிவு இந்தி பேசாத மக்கள் கையிலன்னு சொன்னதை, இந்தப் பூட்டு சட்டமா எழுதுது. எல்லா மாநிலமும்னா ஒரே ஒரு மாநிலம் மறுத்தாலே போதும். 'மே' அங்கேயே இருந்தாலும், 'மே நாட்'னு படிக்கிறதுக்கான வழியை அடைச்சுட்டாங்க.

இன்னொரு விஷயம் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. 1976ல அலுவல் மொழி விதிகள் வந்துச்சு. ஒன்றிய அரசு ஆபீஸ்கள்ல இந்தியை எங்க, எவ்வளவு பயன்படுத்தணும்னு சொல்ற விதிகள். அதோட முதல் விதியிலயே எழுதியிருக்கு: தமிழ்நாடு தவிர இந்தியா முழுமைக்கும் பொருந்தும்னு. ஒரு மாநிலத்தோட பேரை மட்டும் சொல்லி விலக்கு கொடுத்திருக்காங்க.

அதுக்காக இதெல்லாம் அசைக்கவே முடியாத பாதுகாப்புன்னும் நினைச்சுடாதீங்க. இந்தப் பூட்டு இருக்கிறது அரசியல் சட்டத்துல இல்ல, ஒரு சாதாரணச் சட்டத்துல. சாதாரணச் சட்டத்தைச் சாதாரணப் பெரும்பான்மையில திருத்தலாம். இங்கயும் பாருங்க, 'லாம்'.

நேரு சொன்னது தப்பா?

நியாயமா பேசணும்னா, நேரு சொன்னதுக்குச் சட்டத்துல ஆதாரம் இருக்கு. 1880ல இங்கிலாந்துல பிரபுக்கள் சபை தீர்ப்பு சொன்ன ஜூலியஸ் வழக்கு ரொம்பப் பிரபலம். ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ஒரு புகார் மேல நடவடிக்கை எடுத்தே ஆகணுமா, இல்ல அது அவர் விருப்பமாங்கிறது கேள்வி. அங்க சொன்ன கொள்கை இது: அனுமதி கொடுக்குற சொல் தன்னளவுல அதிகாரத்தை மட்டும்தான் கொடுக்கும். ஆனா அந்த அதிகாரம் இன்னொருத்தரோட உரிமைக்காகக் கொடுக்கப்பட்டிருந்தா, அதோட ஒரு கடமையும் ஒட்டிக்கும். அப்போ 'செய்யலாம்'ங்கிறது 'செய்ய வேண்டும்' ஆயிடும். அந்த வழக்குல புகார் கொடுத்தவர் ஜெயிக்கல, பிஷப்போட விருப்பம்தான்னு முடிஞ்சுது. ஆனா கொள்கை நின்னுடுச்சு. இந்திய நீதிமன்றங்களும் இதைத் தொடர்ந்து பயன்படுத்துறாங்க.

ஆனா வண்டி எதிர்ப் பக்கமும் ஓடும். 1957ல உச்ச நீதிமன்றம் மன்போதன் லால் ஸ்ரீவாஸ்தவா வழக்குல ஒரு தீர்ப்பு சொல்லுச்சு. அரசு ஊழியர் மேல ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும்போது தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்கணும்னு பிரிவு 320 சொல்லுது. போட்டிருக்கிற வெர்ப் 'ஷல்'. இருந்தாலும், கலந்தாலோசிக்காம விட்டதுனால மட்டும் நடவடிக்கை செல்லாமப் போகாதுன்னு நீதிமன்றம் சொல்லிடுச்சு. 'ஷல்' இருந்தும் அது கட்டாயம் இல்லன்னு ஆச்சு.

அப்போ அண்ணாவோட கவலை சரியா, தப்பா? என் கருத்து இது. 'ஷல்'லே சில சமயம் வழுக்குதுன்னா, 'மே'யை நம்பி ஒரு தலைமுறையோட வேலைவாய்ப்பை எப்படி வைக்கிறது? 'மே'ன்னா 'ஷல்'தான்னு நிரூபிக்கணும்னா நீங்க கோர்ட்டுக்குப் போகணும். வக்கீல் வைக்கணும், வருஷக்கணக்குல காத்திருக்கணும். 'ஷல்'னு எழுதியிருந்தா, அது கட்டாயம் இல்லன்னு நிரூபிக்கிற சுமை எதிர்ப்பக்கம் போகும். வெர்ப் எதுங்கிறது, யார் போய் வாசல்ல நிக்கணும்ங்கிறதை முடிவு பண்ணுது.

இன்னொரு 'மே', இன்னும் மூடியே இருக்கு

இதைப் பழைய கதைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு உதாரணம். பிரிவு 348. உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள்ல நடவடிக்கை இங்கிலீஷ்ல இருக்கும்னு சொல்லுது. அதோட ரெண்டாவது உட்பிரிவு, குடியரசுத் தலைவரோட முன் ஒப்புதல் வாங்கி, ஒரு மாநில ஆளுநர் தன் உயர் நீதிமன்றத்துல இந்தியையோ மாநிலத்தோட அலுவல் மொழியையோ அனுமதிக்கலாம்னு சொல்லுது. 'மே'.

இந்த வழியில ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் உயர் நீதிமன்றங்களுக்கு இந்தி வந்துடுச்சு. தமிழ்நாடு சட்டமன்றம் சென்னை உயர் நீதிமன்றத்துல தமிழ் வேணும்னு 2006ல தீர்மானம் போட்டுச்சு. உச்ச நீதிமன்றத்தோட கருத்தைக் கேட்டப்போ அவங்க ஒத்துக்கல. தமிழ் இன்னும் உள்ள போகல.

நாலு மாநிலத்துக்கு 'அனுமதிக்கலாம்' ஆன அதே வெர்ப், நமக்கு 'அனுமதிக்காமலும் இருக்கலாம்' ஆச்சு. சட்டத்தை யாரும் மீறல. 'மே'க்குள்ள ரெண்டு பதிலுக்கும் இடம் இருக்கு, அவ்வளவுதான். 1963ல எழுப்பின கேள்விக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியல.

உங்க கையில இருக்கிற தாளை எப்படிப் படிக்கிறது?

சரி, இதை வெச்சு நாம என்ன பண்றது? ஒரு சின்ன வழி சொல்றேன். எந்தத் தாள்ல 'மே'யோ 'ஷல்'லோ வந்தாலும், முதல்ல அந்த வெர்ப்போட எழுவாய் யாருன்னு பாருங்க. யாரு செய்யணும், யாரு செய்யலாம்?

இதுக்கு நல்ல பாடப் புத்தகம் 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரிவு 7ல எழுவாய் பொதுத் தகவல் அலுவலர். அவர் முடிஞ்ச அளவு சீக்கிரமா, எப்படியும் 30 நாளுக்குள்ள, தகவலைக் கொடுக்கணும், இல்லன்னா சட்டம் சொல்ற காரணத்தைக் காட்டி மறுக்கணும். அங்க 'ஷல்'. பிரிவு 19ல எழுவாய் நீங்க. பதில் வரலைன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லைன்னாலோ 30 நாளுக்குள்ள மேல்முறையீடு பண்ணலாம். அங்க 'மே'. அதிகாரிக்கு 'ஷல்', குடிமகனுக்கு 'மே'. மக்கள் பக்கம் நிக்கிற சட்டம் இப்படித்தான் இருக்கும். உங்களுக்கு 'மே' வந்தா அது சுதந்திரம். உங்களுக்கு எதையோ தர வேண்டியவங்களுக்கு 'மே' வந்தா கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க.

இப்போ உங்க ஆஃபர் லெட்டரை எடுங்க. 'ஊழியர் மூணு மாசம் நோட்டீஸ் தர வேண்டும்', 'நிறுவனம் ஆண்டுதோறும் போனஸ் வழங்கலாம்'னு இருந்தா, யாருக்கு 'ஷல்', யாருக்கு 'மே'ன்னு பாருங்க. வாடகை ஒப்பந்தத்துல 'அட்வான்ஸ் தொகை திருப்பித் தரப்படலாம்'னு இருந்தா கையெழுத்துக்கு முன்னாடியே பேசுங்க. ஹவுஸ் ஓனர் 'அட, அதெல்லாம் கண்டிப்பா தந்துடுவேன் தம்பி'ன்னு சொல்லுவாரு. நல்லது சார், அப்போ 'தரப்பட வேண்டும்'னே எழுதிடலாமேன்னு சிரிச்சுக்கிட்டே கேளுங்க. நாடாளுமன்றத்துல கேட்ட அதே கேள்விதான் இது.

வெளிநாட்டுல சில பேர் இந்தக் குழப்பத்துக்கு வேற மருந்து கண்டுபிடிச்சிருக்காங்க. தென்னாப்பிரிக்கா 1996ல புது அரசியல் சட்டம் எழுதினப்போ, கடமையைச் சொல்ற இடத்துல 'ஷல்'லுக்குப் பதிலா 'மஸ்ட்'னு போட்டாங்க. சாதாரண ஜனங்க படிச்சாலும் 'கண்டிப்பா செய்யணும்'னு புரியணும்னுதான். அமெரிக்க அரசோட எளிய மொழி வழிகாட்டியும் 'மஸ்ட்' போடச் சொல்லுது. நம்ம சட்டங்கள் இன்னும் 'ஷல்'லைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்கு. பரவால்ல, வேலைக்கு ஆகுது.

ஆனா இங்கிலீஷ் வரலையேன்னு யாரும் தயங்க வேண்டாம். வேங்கிக்கால்ல மனுவோட வரிசையில நிக்கிற ஒரு பாட்டிக்கு 'மே', 'ஷல்' எதுவும் தெரியாது. ஆனா 'பார்க்கலாம்'னு ஆபீஸர் சொன்னா ஒரு முகம், 'செஞ்சு தர்றோம்'னு சொன்னா வேற ஒரு முகம் காட்டுவாங்க. 'பார்க்கலாம்'னா என்னன்னு தமிழ்நாட்டுல எல்லாருக்கும் தெரியும். கடன் கேட்டுப் போன இடத்துல, பொண்ணு கேட்டுப் போன இடத்துல, வேலை கேட்டுப் போன இடத்துல அந்த வார்த்தையைக் கேட்டு வந்தவங்கதான் நாம. அந்தக் காதை அப்படியே இங்கிலீஷுக்கும் கொண்டு போங்க.

அடுத்த முறை யாராவது உங்க கிட்ட 'ரெண்டும் ஒண்ணுதாங்க'ன்னு சொல்லி ஒரு தாளை நீட்டினா, மரியாதையா ஒரு திருத்தம் மட்டும் கேளுங்க. ஒண்ணுதான்னா மாத்திக் கொடுத்துடுவாங்க. கொடுக்கலைன்னா, அர்த்தம் என்னன்னு உங்களுக்கே தெரிஞ்சிடும்.